டீச்சருக்காக வெட்டிய கௌடா

1. முதல் நாள்

சீஸ் கவுண்டரில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் முதலாளியம்மா என்னை எதையும் விற்கச் சொல்லவில்லை. சாப்பிடச் சொன்னார்.

மைசூர் கோகுலத்தில் யோகா கற்றுக்கொள்ள வரும் வெளிநாட்டுக்காரர்களை நம்பித் தொடங்கிய கடை அது. முன்பக்கம் ரொட்டி, நடுவில் ஜாம், தேன், ஆலிவ் பாட்டில்கள், கடைசியில் சீஸ் வைக்கும் குளிர்பெட்டி, கண்ணாடி போட்ட சில்லர். அந்தச் சில்லருக்குப் பின்னால் நிற்பதுதான் என் வேலை. முதலாளி பெயர் சுமா. நாங்கள் மேடம் என்போம். அவர் பேசுவது கன்னடம்தான், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

ஒரு தட்டில் சின்னச் சின்னத் துண்டுகளாக வைத்து, "செல்வி, வாயில போட்டதும் உனக்கு என்ன ஞாபகம் வருதோ அதைச் சொல்லு. தப்பு, சரின்னு எதுவும் கிடையாது" என்றார்.

நான் ஹனூர் பக்கம் ராமாபுரத்துக்காரி. வீட்டில் மாடு இருந்தது. பால் திரிந்தாலே வாசனை பிடித்துச் சொல்லிவிடுவேன். அந்த மூக்கை வைத்துக்கொண்டு சீஸ் கடைக்கு வந்தால் என்ன ஆகும்? நீலப் பூஞ்சை படர்ந்த ப்ளூ சீஸை வாயில் போட்டதும் முகம் கோணிவிட்டது. "மாட்டுக் கொட்டாயில நனைஞ்ச சாக்கு கெடக்குமுங்களே, அந்த மாதிரி இருக்குதுங்க மேடம்" என்றேன். வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். அவர் சிரித்தார். "அதைத் தேடித்தான் அவ்வளவு தூரத்துலேருந்து வர்றாங்க" என்றார்.

கடைசித் துண்டு பழைய கௌடா. ஹாலந்திலிருந்து வருவது. ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் என்று பலகையில் வைத்துப் பழுக்க விட்டது. கெட்டியாக, வெல்லப்பாகு நிறத்தில் இருந்தது. கடித்தால் உள்ளே சின்னச் சின்னப் பரல்கள் நறநறவென்றன. மண் என்று நினைத்துத் துப்பப் போனேன். அது மண் இல்லை, சீஸ் முதிர்ந்தால் அப்படிப் பூக்கும் என்று மேடம் சொன்னார். வாயிலேயே வைத்திருந்தேன். பாகு அடிபிடிப்பதற்குச் சற்று முன்னால் இறக்கினால் ஒரு ருசி வருமே, அதுவும் உப்பும் சேர்ந்து நாக்கில் நின்றது. அன்றிலிருந்து எனக்குப் பிடித்த சீஸ் அதுதான். சம்பளத்தில் வாங்கித் தின்கிற சாமான் இல்லை என்பது வேறு விஷயம். ஓரம் சீவும்போது விழும் தூள் போதும் எனக்கு.

அன்றே இரண்டு வழக்கங்களைச் சொல்லிக் கொடுத்தார். யார் வந்து நின்றாலும், வாங்கினாலும் வாங்காவிட்டாலும், கத்தி முனையில் ஒரு சீவல் கொடுத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும். யாராவது பணம் கட்டிவிட்டுப் பிறகு எடுத்துக்கொள்கிறேன் என்று விட்டுப்போனால், அந்தத் துண்டை மெழுகுத் தாளில் சுற்றி, மேலே அவர் பெயரை மார்க்கரில் எழுதி, சில்லரின் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். இரண்டும் நல்ல வழக்கங்கள்தான். பின்னால் நடந்ததற்கு இந்த இரண்டையும் குறை சொல்ல முடியாது.

2. "எதும்மா நல்லது?"

கவுண்டரில் நிற்கப் போகிற பிள்ளைகளே, உங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். விலை ஜாஸ்தியானதை வாங்கலாமா, அதில் அப்படி என்ன இருக்கிறது?

நான் முதலில் திருப்பிக் கேட்பேன்: அடுப்பில் வைக்கப் போகிறீர்களா, அப்படியே சாப்பிடப் போகிறீர்களா? தோசைக்குள் போட, சாண்ட்விச்சில் உருக்க, பிள்ளைகள் பாஸ்தாவில் கொட்ட என்றால் சாதாரண சீஸ் போதும். பழைய கௌடாவைத் தோசைக்கல்லில் போடுவது பட்டுப்புடவையைக் கரித்துணியாக்குகிற வேலை. ஒருவர் அப்படிப் போட்டுவிட்டு, எண்ணெய் பிரிந்து போச்சு என்று சண்டைக்கே வந்தார். மோசரெல்லா புதுசாக இருந்தால் தக்காளியோடு அப்படியே சாப்பிடலாம், பழசானால் பீட்சாவுக்குத்தான். மெத்தென்று இருக்கும் ப்ரீ சீஸைச் சில்லரிலிருந்து எடுத்ததும் தின்னக்கூடாது, கொஞ்ச நேரம் வெளியில் இருக்க வேண்டும். செடாரில் நடுத்தரமானதே போதும் என்பது என் கட்சி. அதிலேயே மிக முதிர்ந்தது நாக்கைச் சுடும்.

சிலர் விருந்தாளி வருகிறார் என்று இருப்பதிலேயே விலை அதிகமானதைக் கேட்பார்கள். ருசி பார்க்கச் சொன்னால் வேண்டாம் என்பார்கள். வருகிறவருக்குப் பிடித்தால் சரி. "அப்ப வீட்ல உங்களுக்கு?" என்று கேட்டால், "எங்களுக்கு எதுக்கு?" என்பதுதான் பதில். எனக்கு ஒரே எரிச்சலாக வரும். ஆனால் நானும் வீட்டில் நல்ல டம்ளரை எடுத்து உள்ளே வைத்திருக்கிறவள்தானே. வாயை மூடிக்கொண்டு கட்டிக் கொடுப்பேன்.

3. லில்லி டீச்சரின் நாக்கு

ஒரு மழைக்காலம். யோகாக்காரர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருப்போம். அப்போதுதான் ஜோசப் சாரும் லில்லி டீச்சரும் முதல் முறை வந்தார்கள். இரண்டு தெரு தள்ளி வீடு. சார் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சர் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர். தலையில் ஸ்கார்ஃப் கட்டியிருந்தார். புருவம் இல்லை. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"எதைத் தின்னாலும் இரும்பு நக்கின மாதிரி இருக்காம்மா" என்றார் சார். "சாப்பாடே எறங்கல. டாக்டர் சொன்னாரு, புரோட்டீன் உள்ள போகணும், சீஸ் குடுத்துப் பாருங்க, ஆனா கெட்டியானதா இருக்கணும், அந்தப் பூஞ்சை கீஞ்சையெல்லாம் வேண்டவே வேண்டாம்னு."

டீச்சரை ஸ்டூலில் உட்கார வைத்தேன். ஒவ்வொன்றாகச் சீவிக் கொடுத்தேன். முதல் சீஸுக்குத் தலையை ஆட்டினார். "சுண்ணாம்பு." அடுத்தது. "இரும்பு." அடுத்தது. "ரப்பர். நீ ஒண்ணும் நெனச்சுக்காதே."

பழைய கௌடா வைத்தபோது அவர் தாடை அசைவது நின்றது. கண்ணை மூடினார். சார் பயந்துபோய் அவர் தோளைப் பிடித்தார்.

"இருங்க" என்றார் டீச்சர். "உப்பு தெரியுதுங்க. இனிப்பும் தெரியுது. ஏதோ சீனி மாதிரி கடிபடுது." கண்ணைத் திறந்தபோது அழுதுகொண்டிருந்தார். "நான் இனிமே ருசியே தெரியாம செத்துடுவேன்னு நெனச்சிட்டு இருந்தேன், ஜோசப்."

சார் உடனே, "இதுல ஒரு பெரிய துண்டா குடும்மா" என்றார். டீச்சர் விலைப் பலகையைப் பார்த்தார். பார்த்த உடனே ஸ்டூலில் இருந்து எழுந்துவிட்டார்.

"அய்யோ, வேண்டாம். இது நமக்கு ஆகாது. நாம ரெண்டு பேருதானே, நமக்கு எதுக்கு இவ்வளவு? வாங்க போலாம்."

சார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவர்களிடம் காசு இல்லை என்பதல்ல. பென்ஷன் வருகிறது, மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். ஆனால் டீச்சர் அந்த மாதிரி வளர்ந்தவர், அந்த மாதிரியே குடும்பம் நடத்தியவர். பிறருக்கு என்றால் கை தாராளம், தனக்கு என்றால் கை மடங்கிவிடும். சாதாரணத் துண்டு ஒன்றை வாங்கிக்கொண்டு போனார்கள். அதை அவர் சாப்பிட மாட்டார் என்பது எனக்கும் தெரியும், சாருக்கும் தெரியும்.

மறுநாள் சார் மட்டும் வந்தார். கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றி நின்றுகொண்டு, யாராவது கேட்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்தார்.

"செல்வி, அந்தக் கௌடாவுல நான் ஒரு துண்டு வாங்கி இங்கேயே வெச்சிடறேன். அவளை நடந்து வரச் சொல்லி டாக்டரே சொல்லியிருக்காரு. தினமும் சாயங்காலம் கூட்டிட்டு வர்றேன். நீ எல்லாருக்கும் குடுக்கற மாதிரி சும்மா ருசி பார்க்கக் குடு. கொஞ்சம் பெரிய சீவலா. ஓசின்னா அவ சாப்பிடுவா."

மேடத்திடம் கேட்டேன். அவர் சரி என்று தலையை அசைத்தார். துண்டைச் சுற்றி, வழக்கப்படி மேலே லில்லி டீச்சர் பெயரை எழுதி, கீழ்த்தட்டில் வைத்தேன்.

அந்த மாதங்களைப் போல நான் சந்தோஷமாக வேலை பார்த்தது கிடையாது. சாயங்காலம் குடையோடு இரண்டு பேரும் வருவார்கள். "டீச்சர், புது லாட் வந்திருக்குதுங்க. உப்பு தூக்கலா இருக்குதான்னு நீங்கதான் சொல்லோணும்" என்று ஒரு சீவல் கொடுப்பேன். டீச்சர் பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மென்று, "நேத்தைக்கு விட இன்னைக்கு நல்லா இருக்கு" என்பார். "ஓரம் சரியா இல்லையே, இன்னொண்ணு பாருங்க" என்று இரண்டாவது சீவல். சில நாள் மூன்றாவதும் உண்டு. அதைத் தின்ற தெம்பில் வீட்டுக்குப் போய் ஒரு கரண்டி கஞ்சியும் குடிப்பதாகச் சார் சொன்னார். துண்டு தீர்ந்தால் சார் காதும் காதும் வைத்த மாதிரி வந்து அடுத்ததுக்குப் பணம் கட்டுவார். டீச்சருக்கு முகத்தில் கொஞ்சம் சதை பிடித்தது.

ஒரு நாள் டீச்சர் குற்ற உணர்ச்சியோடு கேட்டார்: "தினமும் ஓசியிலேயே தின்னுட்டுப் போறேனே, உங்க மேடம் ஒண்ணும் சொல்றதில்லையா?"

"நீங்க ருசி சொன்னாத்தான் டீச்சர் நாங்க விக்கவே ஆரம்பிக்கறது" என்றேன். அவருக்கு அதில் ஒரு பெருமை.

4. பெயர் எழுதிய துண்டு

ஊரில் மாரியம்மன் பண்டிகை. மேடத்திடம் லீவு சொல்லிவிட்டு ராமாபுரம் போனேன். கவுண்டரில் மஞ்சுளா நின்றாள். நல்ல பெண், வேலையில் சுத்தம். அவளுக்கு இந்த ஏற்பாடு தெரியாது. சார் வேறு யாருக்கும் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று பார்த்துச் சாருக்குக் காய்ச்சல். டீச்சர் தனியாக நடந்து வந்திருக்கிறார். வந்து நின்றவரிடம் மஞ்சுளா பெயர் கேட்டிருக்கிறாள். சொன்னதும், கீழ்த்தட்டில் இருந்த துண்டை எடுத்து, "மேடம், உங்க பேர்ல பணம் கட்டி வெச்ச பீஸ் இருக்கு, எடுத்துட்டுப் போறீங்களா?" என்று நீட்டிவிட்டாள். பெயர் எழுதிய துண்டை உரியவரிடம் கொடுப்பதுதான் எங்கள் முறை. அவள் செய்ததில் ஒரு தப்பும் இல்லை.

நான் திரும்பி வந்த அன்று டீச்சர் வந்தார். சார் கடைக்குள் வரவில்லை, வாசலில் குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏன் செல்வி, நீயுமா அவரோட சேர்ந்துட்டே?"

"நீங்க சாப்பிடோணும்னுதானுங்க டீச்சர்..."

"கோவம் இல்லம்மா. அவர் மேலயும் இல்ல. ஆனா நேத்து ராத்திரி அதை எடுத்து வாயில போட்டுப் பார்த்தேன். இரும்பு. ஒண்ணுமே தெரியல. ஓசின்னு நெனச்ச வரைக்கும்தான் எனக்கு ருசி இருந்திருக்கு போல." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "விலை தெரிஞ்சதும் நாக்கு மூடிக்கிச்சு. என்ன பொழப்பு பாரு."

நான் ஒரு சீவல் வெட்டி நீட்டினேன். இது நிஜமாகவே கடை ருசி பார்க்கக் கொடுப்பது, சார் காசு இல்லை என்றேன். அவர் வாங்கி வாயில் போட்டார். மென்றார். எனக்காக, "நல்லா இருக்கு" என்றார். ஆனால் கண்ணை மூடவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, துடைப்பதுபோல் சில்லருக்குக் கீழே குனிந்துகொண்டேன்.

அதற்கப்புறம் டீச்சர் கடைக்கு வரவில்லை.

5. பழுக்க வைத்ததுதானே

சார் மட்டும் அவ்வப்போது ரொட்டி வாங்க வருவார். ஒரு வாரம் அவரும் வராததால், ஞாயிற்றுக்கிழமை ஒரு டஜன் வாழைப்பழத்தோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். டீச்சர் கட்டிலில் இருந்தார். மறுபடியும் இளைத்திருந்தார். சார் எனக்குக் காபி போட உள்ளே போனவர் பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தார். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே தெரிந்தது, மேல் தட்டின் மூலையில் எங்கள் கடை மெழுகுத் தாள். துண்டு கரையாமல் அப்படியே இருந்தது. டீச்சர் வாயில் போட்டுப் பார்த்த அன்றே திரும்பச் சுற்றி வைத்திருக்கிறார்.

"டீச்சர், இதை ஏனுங்க இன்னும் வெச்சிருக்கீங்க?"

"ஜெரி வர்றானே கிறிஸ்துமஸுக்கு. அவன் வந்ததும் வெட்டலாம்னு." ஜெரி அவர்கள் மகன். "அங்க தனியா சோறு வடிச்சு, ஊறுகாய் வெச்சுத் தின்னுட்டுக் கெடப்பான். அவனும் அப்பனை மாதிரி கையை மூடிக்கிட்டுதான் இருப்பான். இதெல்லாம் எங்க வாங்கித் தின்னப் போறான்?"

சார் சமையலறையில் இருந்தே, "யாரு, நானா கையை மூடிக்கிட்டு?" என்றார். மூன்று பேரும் கொஞ்சம் சிரித்தோம்.

நான் விடவில்லை. "வெட்டின சீஸ் அவ்வளவு நாள் காத்துக்கிட்டு இருக்காதுங்க டீச்சர். ஓரம் காஞ்சுபோயிரும்."

"நீதானே சொன்னே, இது வருஷக்கணக்கா வெச்சுப் பழுக்க வெக்கறதுன்னு? ரெண்டு வருஷம் இருந்தது ரெண்டு மாசம் இருக்காதா?"

இதை எல்லா வாடிக்கையாளரும் கேட்பார்கள். பதில் எனக்கு மனப்பாடம். முழுச் சக்கரமாக, மேலே மெழுகு மூடியிருக்கிறவரைதான் அது பழுக்கும். கத்தி பட்ட நிமிஷத்தில் இருந்து பழுப்பது நின்றுவிடும், அதற்கப்புறம் காய்வது மட்டும்தான். இதைக் கடையில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என்னால் சொல்ல முடியவில்லை.

"இருக்குமுங்க டீச்சர்" என்றேன்.

"பாருங்க, அவளே சொல்றா" என்றார் டீச்சர், சமையலறையைப் பார்த்து.

நான் கிளம்ப எழுந்தபோது டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் சாப்பிடறதை நான் பார்க்கணும் செல்வி. அவன் வாயைப் பார்த்தா எனக்கு ருசி வந்துடும்" என்றார்.

6. ஜெரி வந்தான்

கிறிஸ்துமஸ் வரைக்கும் டீச்சர் தாங்கவில்லை. சர்ச்சில் நட்சத்திரம் கட்ட ஆரம்பித்த வாரம் போய்விட்டார்.

மகன் வருகிறவரைக்கும் ஃப்ரீசர் பாக்ஸில் வைத்திருந்தார்கள். அவன் விமானம் மாறி, பெங்களூரில் இறங்கி, டாக்ஸி பிடித்து நேராக வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தான். அடக்கத்துக்கு நானும் மேடமும் மஞ்சுளாவும் போனோம். மஞ்சுளா வழி முழுக்க அழுதாள். "உன்மேல ஒண்ணும் இல்ல கண்ணு" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

கல்லறையில் இருந்து வீட்டுக்குத் திரும்பியதும் பக்கத்து வீட்டுக்காரர்கள் காபியும் பன்னும் கொடுத்தார்கள். கூட்டம் கலைந்தது. நான் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். சார் சமையலறைக்கு வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தார். அந்தப் பொட்டலத்தை எடுத்து மேடையில் வைத்தார்.

"ஜெரி வந்ததும் வெட்டணும்னு சொல்லியிருந்தா. வந்துட்டானே. வெட்டிக் குடும்மா. எனக்கு அந்த மாதிரி வெட்ட வராது."

பிரித்தேன். ஓரமெல்லாம் கொம்பு மாதிரி காய்ந்து, ஒரு மூலையில் வெள்ளையாகப் பூத்திருந்தது. தாராளமாகச் சீவித் தள்ளினேன். நடுவில் கொஞ்சம் நல்ல பாகம் இருந்தது. வீட்டுக் கத்திதான், முடிந்தவரை மெல்லிசாகச் சீவித் தட்டில் வைத்துக் கொண்டுபோனேன். ஜெரி அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். தட்டைப் பார்த்துவிட்டு, அப்பா வெளியில் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தான்.

"இது கௌடா தானேக்கா? பழைய கௌடா?" என்றான் மெதுவாக.

"ஆமா தம்பி. அம்மா உங்களுக்காக வெச்சிருந்தாங்க. அங்கெல்லாம் நீங்க இது வாங்கித் திங்க மாட்டீங்கன்னு."

அவன் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டான். "அக்கா, எங்க வீட்டுக்குக் கீழ இருக்கற கடையிலயே இது கெடைக்கும். அங்க ஒண்ணும் பெரிய விலை இல்ல. காலைல ரொட்டியில நான் தினமும் இதைத்தான் வெச்சுத் திங்கறேன். ஒரு நாளாவது போன்ல சொல்லியிருக்கலாம். காலைல என்ன சாப்பிட்டேன்னு அம்மா கேட்டுட்டே இருப்பாங்க. சாப்பிட்டேம்மான்னு மட்டும்தான் சொல்லுவேன்."

அதற்குள் சார் வந்துவிட்டார். மகனுக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மகன் வாயையே பார்த்தார். ஜெரி ஒரு சீவலை எடுத்து வாயில் வைத்தான். ரொம்ப நேரம் மென்றான்.

"எப்படிடா இருக்கு?"

"இந்த மாதிரி நான் சாப்பிட்டதே இல்லப்பா" என்றான் ஜெரி. தட்டில் இருந்ததை ஒன்று விடாமல் சாப்பிட்டான். சார் திருப்தியாகத் தலையை ஆட்டினார், பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

நான் சீவிப் போட்ட ஓரங்களைக் கையில் அள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். எங்கே போடுவது என்று தெரியாமல் தெருவில் நின்றுகொண்டிருந்தேன். டீச்சர் இருந்தபோது அந்தத் துண்டு முழுக்க நன்றாக இருந்தது.

பிள்ளைகளே, இத்தனை வருஷ வேலையில் நான் கற்றுக்கொண்டது கொஞ்சம்தான். விலை ஜாஸ்தியானதை வாங்கலாமா என்று இப்போது யாராவது கேட்டால், அடுப்பிலா தட்டிலா என்று நான் கேட்பதில்லை. யாருக்கு என்றும் கேட்பதில்லை. "இன்னைக்கே சாப்பிடுவீங்களா?" என்று மட்டும் கேட்கிறேன். சாப்பிடுவோம் என்றால், அவர்கள் கையில் எவ்வளவு காசு இருக்கிறதோ அதற்குள் இருப்பதிலேயே நல்லதை வெட்டிக் கொடுக்கிறேன். யாரோ வருகிறார்கள், அதுவரைக்கும் வைக்கணும் என்றால், ஒரு சீவல் வெட்டி அவர்கள் கையில் கொடுத்து, அதை அவர்கள் விழுங்குகிற வரைக்கும் எதிரிலேயே நிற்கிறேன். மேடத்துக்கு இதனால் வியாபாரம் கொஞ்சம் குறையத்தான் செய்கிறது. அவர் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.